மேலூர் வரைக்கும் ஒரு மிதி!

ஊருக்குள்ளேயே சுற்றும் பி.எஸ்.6 டீசல் கார்கள், கரி பிடித்து அடைத்துக்கொள்ளும் டி.பி.எஃப், லட்சத்தைத் தொடும் பில். மதுரை கார்க்காரர்களின் புதுத் தலைவலி

காலை ஒன்பது மணி. கோரிப்பாளையம். முன்னால் ஷேர் ஆட்டோ, இடப்பக்கம் டவுன் பஸ், கிடைத்த இடுக்கில் எல்லாம் டூ-வீலர். நடுவில் மாட்டிக்கொண்ட வெள்ளை எஸ்.யூ.வி.யில் ஏ.சி. குளுகுளுவென்று ஓடுகிறது. ஓட்டுபவர் அண்ணா நகரில் கிளம்பி சிம்மக்கல் கடைக்குப் போகிறார். நாலைந்து கிலோமீட்டர்தான். அதற்குள் கிளட்சை எத்தனை முறை மிதித்தார் என்று அவர் முழங்காலைத்தான் கேட்க வேண்டும்.

மீட்டர் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு. பெட்டி மாதிரி ஒரு படம், அதற்குள் சில புள்ளிகள். நேற்றும் எரிந்தது, முந்தாநாளும் எரிந்தது. 'ஏதாவது சென்சாரா இருக்கும், சர்வீஸ்ல பாத்துக்கலாம்.' நாலு நாள் கழித்து அந்த விளக்குக்குத் துணையாக இன்ஜின் விளக்கும் சேர்ந்துகொள்கிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வேகம் பிடிக்க மறுக்கிறது. பதறிப்போய் மெக்கானிக்குக்குப் போன் போடுகிறார்.

"அது டி.பி.எஃப் லைட்டுண்ணே. மொத நாளே சொல்லியிருந்தா, மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் வரைக்கும் ஒரு மிதி மிதிச்சுட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். இப்ப மிதிக்காதீங்க. மெல்ல ஓட்டிக் கொண்டாங்க, பாப்போம்."

இவருக்குப் பெயர் வைக்கத் தேவையில்லை. நகரத்துப் பட்டறைகளில் டாக்டராக, ஜவுளிக்கடைக்காரராக, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவதற்கென்றே பெரிய கார் வாங்கிய ரிட்டயர்டு அதிகாரியாக அவர் வந்துகொண்டேதான் இருக்கிறார். வண்டியின் கம்பெனி மாறும். கதை மாறுவதில்லை.

கரியைப் பிடித்து வைக்கும் பெட்டி

டி.பி.எஃப் என்பது டீசல் புகையில் இருக்கும் கரித்துகளை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் வடிகட்டி. இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் இடையே, பல வண்டிகளில் டர்போவுக்கு அடுத்தாற்போல, உருளையான ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். உள்ளே செராமிக்கால் ஆன நுண்ணிய குழாய்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு குழாய்க்கு முன்வாசல் அடைப்பு என்றால் அடுத்ததற்குப் பின்வாசல் அடைப்பு. உள்ளே வந்த புகை நேராக வெளியேற வழியில்லாமல், குழாயின் துளைச் சுவர் வழியே கசிந்துதான் அடுத்த குழாய்க்குப் போக முடியும். அப்படிப் போகும்போது கரி சுவரிலேயே தங்கிவிடும். பி.எஸ்.6 டீசல் காரின் பின்னால் கறுப்புப் புகை வராமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

டீ வடிகட்டியில் தூள் சேர்ந்தால் தட்டிக் கொட்டிவிடலாம். இதைத் தட்ட முடியாது, எரிக்கத்தான் வேண்டும். புகையின் சூடு போதுமான அளவு இருந்தால் கரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துகொண்டிருக்கும். நான்குவழிச் சாலையில் தொடர்ந்து ஓடும் வண்டிக்கு இது நடக்கும். ஊருக்குள் ஊரும் வண்டியில் புகை அந்தச் சூட்டை எட்டாது. அப்போது இன்ஜினின் கம்ப்யூட்டர் தலையிடுகிறது. பெட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைச் சென்சார் சொல்லும். வித்தியாசம் கூடினால் அடைப்பு கூடுகிறது என்று அர்த்தம். உடனே கம்ப்யூட்டர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, கொஞ்சம் தாமதமாக டீசலைப் பீய்ச்சும். அந்த டீசல் புகைக்குழாயில் உள்ள வினையூக்கியில் எரிந்து, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றும். கரி எரிந்து வாயுவாகப் போய்விடும். இதற்குத்தான் ரீஜெனரேஷன் என்று பெயர். பட்டறைகளில் சுருக்கமாக 'ரீஜென்'.

ஒரு ரீஜென் முடியப் பொதுவாகப் பத்து முதல் இருபது நிமிடம் பிடிக்கும். அதுவரை வண்டி நிற்காமல் ஓட வேண்டும். மதுரையில் சிக்கலே இங்கேதான்.

■ பெட்டிச் செய்தி: பி.எஸ்.4-ல் இருந்து ஒரே தாவல்

வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) விதிகளில் பி.எஸ்.5-ஐத் தாண்டி நேராக பி.எஸ்.6-க்குப் போவது என்று மத்திய அரசு 2016 ஜனவரியில் அறிவித்தது. 2020 மார்ச் 31-க்குப் பிறகு பி.எஸ்.4 வண்டிகளை விற்கக் கூடாது என்று எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 நடைமுறைக்கு வந்தது.

டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்றிருந்த துகள் அளவு 25 மில்லிகிராமில் இருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. நைட்ரஜன் ஆக்சைடு அளவு 250-லிருந்து 80 மில்லிகிராமாக இறங்கியது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்தது 10 பங்காகியது.

கார்களில் டி.பி.எஃப் புதிய கண்டுபிடிப்பு அல்ல. பிரான்ஸின் பெஜோ 607 காரில் 2000-லேயே வந்துவிட்டது.

40 டிகிரி வெயில் போதாது

மதுரை வெயிலுக்கு அந்தக் கரி தானாக எரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரை வெயில் 40 டிகிரி. ரீஜெனுக்குத் தேவை 600. வெயிலால் ஆகும் ஒரே காரியம், நின்ற வண்டியிலும் ஏ.சி.யை அணைக்க மனம் வராமல் போவதுதான். நின்றபடி இன்ஜின் ஓடினால் கிலோமீட்டர் ஏறாது, கரி மட்டும் ஏறும்.

மதுரையின் அமைப்பைப் பாருங்கள். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரம் சதுரமாக விரியும் ஊர். தேர் போவதற்கு அளந்து போட்ட வீதிகள். இதில் எந்த வீதியில் பத்து நிமிடம் நிற்காமல் கார் ஓட்ட முடியும்? வைகையைத் தாண்டினால் கோரிப்பாளையம், தல்லாகுளம், தாண்டாவிட்டால் ஆரப்பாளையம், காளவாசல் என்று வரிசையாகச் சிக்னல்கள். 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட நத்தம் சாலைப் பறக்கும் பாலம் வந்தபோது, சிக்னலே இல்லாமல் பறக்கலாம் என்று ஊரே மகிழ்ந்தது. அதன் நீளம் 7.3 கிலோமீட்டர். அறுபதில் போனால் ஏழு நிமிடத்தில் இறங்கிவிடுவீர்கள். ரீஜென் முடிந்திருக்காது.

இப்போது ஒரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். திங்கள்கிழமை கம்ப்யூட்டர் ரீஜெனைத் தொடங்குகிறது. அதற்குள் கடை வந்துவிட்டது, சாவியைத் திருப்பி நிறுத்தியாயிற்று. செவ்வாய் மறுபடி தொடங்குகிறது. பள்ளிக்கூட வாசலில் நின்றுபோகிறது. புதன்கிழமையும் அதே கதை. ஒவ்வொரு முறையும் கூடுதல் டீசல் செலவாகிறது, கரியோ அப்படியே இருக்கிறது. சில தோல்விகளுக்குப் பிறகுதான் அந்த மஞ்சள் விளக்கு எரியும். கம்ப்யூட்டர் தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்துவிட்டு, இனி நீங்கள் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்று சொல்லும் நேரம் அது. அதைத்தான் பெரும்பாலானோர் சர்வீஸ் வரை தள்ளிப்போடுகிறார்கள்.

ரீஜென் நடப்பதை வண்டியே காட்டிக்கொடுக்கும். நின்றிருக்கும்போது ஆர்.பி.எம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறி நிற்கும். உடனடி மைலேஜ் காட்டும் எண் சரசரவென்று இறங்கும். சிக்னலில் தானாக அணையும் வசதி உள்ள வண்டி அணையாது. இறங்கினால் லேசாகச் சூட்டு வாடை அடிக்கும். முக்கியமாக, சாவியை எடுத்த பிறகும் முன்பக்க ஃபேன் நிற்காமல் சத்தமாகச் சுற்றும். 'ஃபேன் ரிலே போச்சு' என்று எலெக்ட்ரீஷியனிடம் ஓடியவர்கள் இந்த ஊரில் கொஞ்ச நஞ்சம் இல்லை. ரிலே நன்றாகத்தான் இருந்தது. பாதியில் ரீஜென் நின்றுபோனதுதான் விஷயம்.

யார் வண்டி அடைக்கிறது?

ஒரே மாடல், ஒரே வருடம். ஒன்று இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் விளக்கு எரிந்ததே இல்லை. இன்னொன்று இருபதாயிரத்திலேயே பட்டறைக்கு வந்துவிட்டது. வித்தியாசம் ஓடிய பாதையில்தான்.

ராமேஸ்வரம், கன்னியாகுமரி, கொடைக்கானல் என்று சவாரி போகும் டிராவல்ஸ் வண்டிகளுக்கு டி.பி.எஃப் பெரிய தொந்தரவு தருவதில்லை. நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டால் மணிக்கணக்கில் ஓட்டம். கரி சேரச் சேர எரிந்துவிடும். அதே டிராவல்ஸ்காரர் லோக்கல் பேக்கேஜ் என்று எடுத்து, திருமலை நாயக்கர் மகால் வாசலில் ஒரு மணி நேரம், தெப்பக்குளத்தில் அரை மணி நேரம், பயணிகளுக்காக ஏ.சி.யை அணைக்காமல் நிறுத்தி வைத்தால் அவருக்கும் விளக்கு எரியும். பழைய டிசையர் டீசலில் பத்து வருடம் இப்படி ஓட்டியவர்களுக்கு இது புரியவே நாளாகிறது. அந்த வண்டிகளில் டி.பி.எஃப் கிடையாது; கரி பின்னால் வருபவர் மூக்குக்குப் போனது. மாருதியும் 2020 ஏப்ரலோடு டீசல் கார்களையே நிறுத்திவிட்டது.

அடுத்து ஆக்டிங் டிரைவர்கள். கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு நாளைக்கு வந்து ஓட்டிவிட்டுப் போகிறவர். விளக்கு எரிந்தால் அவர் ஏன் சொல்லப் போகிறார்? சொன்னால், தன் கையில் வண்டி இருக்கும்போது கெட்டது என்றாகிவிடும். அவர் வாய் திறக்காததில் தப்பு சொல்ல முடியவில்லை. சாவியைக் கொடுக்கும்போதே 'ஏதாவது லைட் எரிஞ்சா சொல்லிடுங்க தம்பி, உங்க மேல பழி போட மாட்டேன்' என்று சொல்லும் உரிமையாளர் கொடுத்துவைத்தவர்.

நீல மூடியைத் திறந்து ஊற்றும் திரவத்தோடும் சிலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். டி.இ.எஃப் அல்லது ஆட்புளூ எனப்படும் அது, 32.5 சதவீதம் யூரியா கலந்த நீர். அதன் வேலை நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது. அதை ஊற்றினால் டி.பி.எஃப் அடைப்பு நீங்காது. தப்பித்தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் டி.பி.எஃப் பில்லே சின்னதாகத் தெரியும்.

மிதிக்கப் போகும் சாலைகள்

'ஒரு மிதி மிதிச்சுட்டு வாங்க' என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டு நூற்று நாற்பதில் பறக்க வேண்டாம். தேவை வேகம் அல்ல, தொடர்ச்சி. அறுபதுக்கு மேல், ஒரு கியர் குறைவாக வைத்து, இன்ஜின் 2,000 ஆர்.பி.எம். அளவில் சீராகச் சுற்றும்படி இருபது நிமிடம் ஓட்டினால் போதும். டேங்கில் டீசல் மிகக் குறைவாக இருந்தால் பல வண்டிகளில் ரீஜெனே தொடங்காது என்பதால் கொஞ்சம் நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

மதுரைக்காரர்களுக்குச் சாலைக்குப் பஞ்சம் இல்லை. ஒத்தக்கடை தாண்டி மேலூர் போகும் திருச்சி சாலை, திருமங்கலம் வழியாக விருதுநகர் போகும் சாலை, சமயநல்லூர், வாடிப்பட்டி வழியாகத் திண்டுக்கல் சாலை. முதல் இரண்டில் சிட்டம்பட்டி, கப்பலூர் என்று சுங்கச்சாவடி குறுக்கே வரும். பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஏறிய சூடு வரிசையில் நிற்கும்போது இறங்கிவிடும். எனக்குப் பிடித்தது வாடிப்பட்டிப் பாதை. கொடைரோடு சுங்கச்சாவடி வரும்வரை நிற்க வேண்டியதில்லை; இடப்பக்கம் நாகமலையும் வலப்பக்கம் சிறுமலையும் கூடவே வரும். கரி எரிக்கப் போகிறவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

கிராமத்துப் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அறுவடைக் காலத்தில் உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கக் கிளைச்சாலைகளில் கம்பு, சோளம், உளுந்து, கொள்ளு என்று தார்ச்சாலையில் பரப்பி வைத்திருப்பார்கள். வண்டி ஏறிப் போனால் மணி உதிரும் என்ற கணக்கு. அந்தச் செடியும் தட்டையும் காரின் அடியில் சுருட்டிக்கொள்ளும். ரீஜென் நேரத்தில் அடியில் இருக்கும் பெட்டியும் குழாயும் பழைய வண்டிகளைவிட அதிகச் சூடாக இருக்கும். காய்ந்த தட்டை தீப்பிடிக்க அது தாராளம். வைக்கோல் கிடக்கும் களத்திலோ காய்ந்த புல்லிலோ வண்டியை நிறுத்தக் கூடாது என்று கார் வாங்கும்போது கொடுக்கும் கையேட்டிலேயே எழுதியிருப்பது சும்மா அல்ல. பரப்பிய கதிரைச் சுற்றிப் போக வழியில்லை என்றால், தாண்டியவுடன் இறங்கி அடியில் குனிந்து பாருங்கள்.

■ பெட்டிச் செய்தி: விளக்கு எரிந்தால்...

மஞ்சள் டி.பி.எஃப் விளக்கு மட்டும் எரிகிறது, வண்டி வழக்கம்போல இழுக்கிறது: அன்றைக்கே நெடுஞ்சாலைக்குப் போய் இருபது நிமிடம் சீராக ஓட்டுங்கள். விளக்கு அணைந்தால் பிரச்னை தீர்ந்தது.

விளக்கு மின்னுகிறது, அல்லது இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிகிறது, இழுவை குறைந்துவிட்டது: நெடுஞ்சாலையில் மிதிக்க வேண்டாம். ஸ்கேனர் உள்ள பட்டறைக்கு மெதுவாகக் கொண்டுபோங்கள்.

ரீஜெனுக்கென்று தனி பட்டன் உள்ள வண்டி: கையேட்டில் சொன்னபடி, திறந்த வெளியில், அடியில் எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தி அழுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் கூடவே கூடாது.

ஆயில் குச்சியில் அளவு குறைந்தால் மட்டும் அல்ல, கூடினாலும் கவலைப்படுங்கள்.

பில் ஏறும் படிகள்

ஆயில் கூடினால் ஏன் கவலைப்பட வேண்டும்? பாதியில் நின்ற ஒவ்வொரு ரீஜெனிலும் தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம், எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து இன்ஜின் ஆயிலோடு கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போகிறது, அளவும் கூடுகிறது. 'என் வண்டி ஆயிலே குடிக்காதுங்க, ஏறித்தான் இருக்கு' என்று பெருமைப்படுபவர் உண்மையில் டர்போவையும் பேரிங்கையும் பலி கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த வண்டிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்று காத்திருக்காமல் ஆயிலை முன்னதாகவே மாற்றிவிட வேண்டும்.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். கரி எரியும், சாம்பல் எரியாது. இன்ஜின் ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து சாம்பலாகி டி.பி.எஃப்-பில் நிரந்தரமாகத் தங்கும். இதைக் குறைக்கத்தான் சாம்பல் குறைவான ஆயில் என்று தனி ரகம் வந்திருக்கிறது. டப்பாவின் முதுகில் சி2, சி3 என்ற குறியீடு இருக்கும். உங்கள் கையேடு எதைக் கேட்கிறதோ அதை வாங்க வேண்டும். கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதாண்ணே, இதைத்தான் லாரிக்கே ஊத்துறாங்க' என்று விலை குறைவாக நீட்டினால் வாங்காதீர்கள். அன்றைக்கு மிச்சமாகும் சில நூறு ரூபாய் பின்னால் பல ஆயிரமாகத் திரும்பி வரும்.

பட்டறைக்குப் போனதும் முதலில் ஸ்கேனரை மாட்டி எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அளவு மீறாவிட்டால் வண்டியை நிறுத்தி வைத்தே கம்ப்யூட்டர் வழியாக ரீஜென் செய்வார்கள். சில ஆயிரத்தோடு முடியும். மீறியிருந்தால் பெட்டியைக் கழற்றி ரசாயனம் விட்டுக் கழுவ வேண்டும், அல்லது உலையில் வைத்துச் சூடேற்ற வேண்டும். பைக்குக்குத் தண்ணீர் அடிக்கும் மெஷினை வைத்துக் கழுவுகிற பட்டறைகளும் உண்டு. வேகமான தண்ணீரில் உள்பூச்சு பெயர்ந்துவிட்டால் கழுவியும் பயனில்லை. கடைசிப் படி, புதுப் பெட்டி. உள்ளே பூசியிருக்கும் பிளாட்டினம் போன்ற உலோகங்களாலேயே விலை எகிறுகிறது. பல மாடல்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும்.

பில்லைக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஏன் அடைத்தது? டி.பி.எஃப் பெரும்பாலும் அடிபட்டவன்தான், அடித்தவன் அல்ல. பழுதான இன்ஜெக்டர், இ.ஜி.ஆர் வால்வு, ஆயில் கசியும் டர்போ, செத்துப்போன அழுத்த சென்சார், அடைத்த ஏர் ஃபில்டர் என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டி போட்டால் அதுவும் அடைக்கும்.

'எடுத்து விட்டுறலாம் சார்'

லட்சத்தைக் கேட்டு வாயடைத்து நிற்கும்போது யாராவது காதில் சொல்வார்கள். "எதுக்கு சார் அவ்வளவு செலவு? உள்ள இருக்கறதைக் குத்தி எடுத்துட்டு, மேப் மாத்தி விட்டுறலாம். விளக்கும் வராது, பிக்கப்பும் கூடும்." உண்மைதான். செராமிக்கை உடைத்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை வெல்டிங் வைத்து மாட்டுவார்கள். பெட்டி இருப்பதையே மறக்கும்படி கம்ப்யூட்டருக்கு வேறு புரோகிராம் ஏற்றுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உடைத்து எடுத்த செராமிக்குக்கும் பழைய உலோகச் சந்தையில் விலை உண்டு; அது உங்களுக்கு வந்து சேராது.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றத்தைச் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காற்று மாசு விதிகளை மீறினால் 190-வது பிரிவில் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பு. கேட்க பயமாகத்தான் இருக்கிறது. பிடிப்பது யார்?

ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை எடுக்கும் புகைச் சான்றிதழ் பிடிக்காது. டீசல் வண்டிக்கு அந்தச் சோதனை பார்ப்பது புகை எவ்வளவு கறுப்பு என்பதை மட்டும். நவீன டீசல் இன்ஜினின் கரித்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. டி.பி.எஃப்-பை உடைத்த வண்டியும் சோதனையில் நல்ல பிள்ளையாக வெளியே வந்துவிடும். ஐரோப்பாவில் இதே ஓட்டையைப் பார்த்துவிட்டு, துகள்களின் எண்ணிக்கையையே எண்ணும் கருவியை வருடாந்திரச் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். பெல்ஜியம் 2022-ல், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-ல். பிரிட்டனில் 2014 பிப்ரவரியில் இருந்தே, இருக்க வேண்டிய டி.பி.எஃப் இல்லை என்றால் வண்டி சோதனையில் தோற்றுவிடும். இங்கே பெட்டி இருக்கிறதா என்று குனிந்து பார்க்கக்கூட ஆள் இல்லை.

போனால் போகட்டும், ஒரு வண்டிதானே என்று விட முடியாது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனிலேயே அறிவித்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் முதல் பட்டியலில் அதைச் சேர்த்தது. காற்றுத் தரத்தை மேம்படுத்த 15-வது நிதிக்குழு பணம் ஒதுக்கிய நகரங்களில் மதுரையும் உண்டு. ஒரு பக்கம் மாநகராட்சி அந்தப் பணத்தில் தூசியைக் கட்டுப்படுத்துகிறது. இன்னொரு பக்கம் சட்டம் கஷ்டப்பட்டுப் பிடித்து வைத்த கரியை நாம் காசு கொடுத்துத் திறந்துவிடுகிறோம். அந்தப் புகைக்குழாயின் உயரத்தில் மூச்சு விடுவது யார் என்று பள்ளிக்கூட வாசலில் நின்று பாருங்கள்.

இன்ஷூரன்ஸிலும் வம்பு வரலாம். விபத்தோ தீயோ நடந்து சர்வேயர் வரும்போது, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி நிறுவனம் கையை விரிக்க இடம் கொடுத்துவிடுவீர்கள்.

■ பெட்டிச் செய்தி: டீசல் கட்டுப்படியாகுமா?

ஒரு மாதிரிக் கணக்கு. டீசல் மாடல் ஒன்றரை லட்சம் கூடுதல் விலை. ஊருக்குள் பெட்ரோல் கார் லிட்டருக்கு 13 கி.மீ., டீசல் கார் 17 கி.மீ. பெட்ரோல் ரூ.101, டீசல் ரூ.93 என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு ரூ.7.77, டீசல் ரூ.5.47. மிச்சம் ரூ.2.30.

கூடுதலாகக் கொடுத்த ஒன்றரை லட்சத்தைத் திரும்ப எடுக்க சுமார் 65,000 கி.மீ. ஓட்ட வேண்டும். வருடத்துக்கு 30,000 கி.மீ. ஓட்டுபவருக்கு இரண்டு வருடம் சொச்சம். ஒரு நாளைக்கு 20 கி.மீ. வீதம் 300 நாள் ஓட்டுபவருக்குப் பத்து வருடத்துக்கு மேல். நடுவில் ஒருமுறை டி.பி.எஃப் மாற்றினால் கணக்கே மாறிவிடும்.

கேட்காத கேள்வி

இந்த மொத்தச் சங்கடத்துக்கும் டி.பி.எஃப்-பைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை என்பது என் கட்சி. அது தன் வேலையைச் செய்கிறது. குற்றம் வண்டி விற்ற மேஜையில் தொடங்குகிறது. கலர் கேட்டார்கள், சன்ரூஃப் வேண்டுமா என்று கேட்டார்கள், லோன் எத்தனை வருடம் என்று கேட்டார்கள். 'ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க, எந்த ரோட்டுல ஓட்டுவீங்க' என்று கேட்க வேண்டிய கேள்வியை எத்தனை ஷோரூமில் கேட்கிறார்கள்? தினம் எட்டு கிலோமீட்டர் ஓட்டப்போகிறவருக்கு டீசல் வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். கமிஷன் குறையுமே!

வாங்கியவர்களும் பழைய நினைப்பிலேயே இருக்கிறார்கள். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பெரிய விலை வித்தியாசம் இருந்த காலத்தில் டீசல் கார் வாங்குவது புத்திசாலித்தனம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியதோடு அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2012-13 வாக்கில் இந்தியாவில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல். இப்போது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. மைலேஜும் இழுவையும் இன்னும் டீசலுக்குத்தான் அதிகம் என்பதை மறுக்கவில்லை. தேனிக்கும் கம்பத்துக்கும் வாரம் மூன்று முறை போய்வரும் ஏலக்காய் வியாபாரிக்கு இன்றைக்கும் டீசல்தான் சரி.

அடைத்தபின் வரும் சண்டை வாரண்டியில். வண்டியில் குறை இல்லை, நீங்கள் ஓட்டிய விதம்தான் என்று பதில் வரும். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். எல்லா நேரமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 2015 அக்டோபருக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையே அங்கே விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகள் 2,64,170. அவற்றின் டி.பி.எஃப் அமைப்பே குறையுள்ளது என்று டொயோட்டா மீது கூட்டு வழக்கு போட்டார்கள். அங்கே பிரச்னை நகர நெரிசல் அல்ல. மணிக்கு நூறு கிலோமீட்டர் அளவில் தொடர்ந்து ஓட்டும்போதுதான் அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை! 2022 ஏப்ரலில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வண்டிகளின் மதிப்பு 17.5 சதவீதம் குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. 2023-ல் மேல்முறையீட்டில் அது 10 சதவீதமானது. 2024 நவம்பரில் அங்குள்ள உச்ச அமைப்பான ஹை கோர்ட், இழப்பீட்டை மறுபடி மதிப்பிடச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. எவ்வளவு தொகை என்பதில்தான் இழுபறி. ஓட்டுநர் மேல் பழியைப் போட்டு முடித்துவிட அந்நாட்டு நீதிமன்றங்கள் விடவில்லை.

இங்கேயும் வழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்டத்திலேயே விசாரிப்பார்கள். வக்கீல் கட்டாயம் இல்லை. காகிதம் கட்டாயம். ஒவ்வொரு முறை விளக்கு எரிந்த தேதி, மீட்டர் கிலோமீட்டரோடு எடுத்த போட்டோ, ஜாப் கார்டில் உங்கள் புகாரை அப்படியே எழுதச் சொல்லி வாங்கிய நகல், ஸ்கேனர் அறிக்கை. சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதுதான் நம் ஊர்ப் பழக்கம். ஆணையத்தில் அது செல்லாது.

செகண்ட்ஸ் வாங்குகிறவர் கவனத்துக்கு

டி.பி.எஃப்-பைக் குத்தி எடுத்த வண்டியை யாரும் பத்து வருடம் வைத்துக்கொள்வதில்லை. இரண்டாம் கைக்கு வரும். நல்ல கண்டிஷன், சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி. டாக்டர் ஓட்டிய வண்டி என்றால் கிலோமீட்டர் குறைவு. கிலோமீட்டர் குறைந்த டீசல் என்றால் ஊருக்குள்ளேயே ஓடியது என்று அர்த்தம். பெட்ரோல் காரில் சந்தோஷப்பட வேண்டிய விஷயம், பி.எஸ்.6 டீசலில் சந்தேகப்பட வேண்டியது. பெட்டி இல்லாத வண்டியை வாங்கினால் ஆர்.சி. மட்டும் உங்கள் பெயருக்கு மாறாது. கேள்வி கேட்கும் நாளில் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

விலை பேசுவதற்கு முன்னால் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். கரி அளவு, கடைசியாக எப்போது ரீஜென் ஆனது என்ற விவரங்களைப் பல வண்டிகளில் பார்க்கலாம். எவ்வளவு ஓட்டினாலும் அழுத்த வித்தியாசம் அசையாமல் நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். லிஃப்டில் தூக்கிப் பெட்டியின் மேல் புது வெல்டிங் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்கேனரும் லிஃப்டும் கிடைக்கவில்லை என்றால், வண்டி ஆறியிருக்கும்போது புகைக்குழாயின் வாயில் விரலை விட்டு உள்சுவரைத் தேயுங்கள். டி.பி.எஃப் ஒழுங்காக இருக்கும் வண்டியில் விரல் கறுக்காது.